கார்டியன் சான்று எங்கே வாங்குவது? வயது வந்தவர்களுக்கு இருக்கும் வழிகளும் அவற்றின் எல்லைகளும்

வங்கிக் கணக்கு அப்பா பெயரில் மட்டும். பக்கவாதம் வந்து அவர் நினைவில்லாமல் படுத்திருக்கிறார். மருத்துவமனை பில் ஏறிக்கொண்டே போகிறது. வங்கி மேலாளர், "கோர்ட்ல கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்கிறார். எந்தக் கோர்ட், எந்தச் சட்டம் என்று கேட்டால் அவருக்குத் தெரிவதில்லை. பல வழக்கறிஞர்களும் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

தடுமாற்றத்துக்குக் காரணம் உண்டு. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருந்தது. மாவட்ட நீதிமன்றம் விசாரணை நடத்தி, நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒரு பாதுகாவலரையும் சொத்தை நிர்வகிக்க ஒரு மேலாளரையும் நியமிக்கலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தபோது பழைய சட்டம் நீங்கியது, அந்த அத்தியாயமும் அதோடு போயிற்று. புதிய சட்டத்தில் சிகிச்சை இருக்கிறது, நோயாளியின் உரிமைகள் இருக்கின்றன, சொத்து நிர்வாகத்துக்கு வழி இல்லை. ஆனாலும் பழைய சட்டத்தின் பெயரில் சான்று கேட்கும் பழக்கம் பல அலுவலகங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்று இந்தியாவில் இருப்பவை வெவ்வேறு ஆட்களுக்கான வெவ்வேறு கதவுகள். தவறான கதவைத் தட்டினால் சில மாதம் கழித்து "இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது" என்று மனு திரும்பி வரும். அடிக்கடி நடக்கும் பிழை, 1890ஆம் ஆண்டு பாதுகாவலர் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டத்தின் கீழ் ஜி.டபிள்யூ.ஓ.பி. எனப்படும் பாதுகாவலர் மனு போடுவது. அந்தச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களுக்கானது. 45 வயதுக்காரருக்கு அது உதவாது.

கதவைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எடுக்க வேண்டிய முடிவு சிகிச்சை பற்றியதா, பணம் அல்லது சொத்து பற்றியதா? அவருக்கு இருப்பது என்ன: பிறவியிலிருந்து வந்த அறிவுசார் குறைபாடா, மனநோயா, மறதி நோயா, கோமாவா? இந்த இரண்டும் தெளிவானால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மனநலச் சிகிச்சை மட்டும்தான் பிரச்சினை என்றால்

அப்போது நீதிமன்றம் எதற்கும் போக வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, 18 வயது நிரம்பிய எவரும் தனக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. வெள்ளைத் தாள் போதும். அதில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ இட வேண்டும். நியமிக்கப்படுபவரும் தன் சம்மதத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். இரத்த உறவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். யாரையும் நியமிக்காமல் விட்டிருந்தால் சட்டமே ஒரு வரிசை வைத்திருக்கிறது: முதலில் உறவினர், பிறகு பராமரிப்பவர், அதன்பின் மனநல மறுஆய்வு வாரியம் தேர்ந்தெடுக்கும் பொருத்தமான ஒருவர்.

இந்தச் சட்டம் மனநோய்க்குச் சொல்லும் விளக்கத்தில் நினைவாற்றலைப் பாதிக்கும் கடும் கோளாறும் அடங்கும். ஆகவே மறதி நோய் முற்றியவரின் மனநலச் சிகிச்சைக்கும் இந்த வழி பொருந்தும். அறிவுசார் குறைபாடு மட்டும் இருப்பவருக்குப் பொருந்தாது.

பிரதிநிதிக்கு என்ன அதிகாரம்? நோய் பற்றிய தகவல் கேட்கலாம், முடிவெடுக்க உதவலாம், வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டில் பங்கேற்கலாம், 89ஆம் பிரிவின் கீழ் மருத்துவமனையில் சேர்க்க விண்ணப்பிக்கலாம். அந்தச் சேர்க்கை அதிகபட்சம் 30 நாள். அதற்கு மேல் வைத்திருக்க 90ஆம் பிரிவுக்குப் போக வேண்டும், அங்கே இரண்டு மனநல மருத்துவர்கள் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். பாஸ்புக்கையும் பட்டாவையும் பிரதிநிதி தொட முடியாது. நியமனப் பிரதிநிதிக் கடிதத்தை வங்கியில் நீட்டிப் பயனில்லை. அதேபோல வங்கிக் கணக்கில் 'நாமினி'யாக இருப்பவருக்குக் கணக்குக்காரர் உயிரோடிருக்கும்வரை எந்த உரிமையும் இல்லை. பெயர் ஒத்துப்போவதால் இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு முன்கூட்டிய அறிவுறுத்தலுக்கு வழி தருகிறது. எனக்கு மனநோய் முற்றி முடிவெடுக்க முடியாமல் போனால் இப்படிச் சிகிச்சை தாருங்கள், இதைச் செய்யாதீர்கள், இவர் என் பிரதிநிதி என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வைப்பது. திறன் போன பிறகுதான் இது உயிர் பெறும், திறன் திரும்பியதும் ஓய்ந்துவிடும். விட்டுவிட்டு வரும் நோய்களுக்கு, குறிப்பாக இருதுருவ மனநோய்க்கு, இதைவிட நல்ல கருவி நம் சட்டத்தில் இல்லை. முந்தைய தடவை எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எந்த மருத்துவமனை வேண்டாம், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் நோயாளியே சொல்லிவிடுகிறார். எழுதி பீரோவில் பூட்டினால் பலன் கிடையாது. மருத்துவரிடம் பிரதி இல்லையென்றால் அதைப் பின்பற்றாததற்கு அவர் பொறுப்பாளி ஆகமாட்டார். அது மருத்துவர் கைக்குப் போய்ச் சேரச் செய்யும் கடமை எழுதியவருக்கும் பிரதிநிதிக்கும் உண்டு. குடும்பமோ மருத்துவரோ அந்த அறிவுறுத்தலை ஏற்க முடியாதென்றால், 11ஆம் பிரிவின்படி வாரியத்திடம் போய் மாற்றக் கேட்கலாம். தாங்களாகவே ஒதுக்கித் தள்ள முடியாது.

ஒரு சிறு எச்சரிக்கை. அவசரச் சிகிச்சைக்கு இந்த அறிவுறுத்தல் பொருந்தாது என்று 9ஆம் பிரிவு சொல்லும்போது 103ஆம் பிரிவைக் காட்டுகிறது. 103 சிறைவாசிகளைப் பற்றியது, அவசரச் சிகிச்சை இருப்பது 94இல். வரைவில் நேர்ந்த எண் பிழை இது. 94ஆம் பிரிவின் அவசரச் சிகிச்சைக்கு 72 மணி நேர வரம்பு உண்டு, அதில் மின் அதிர்வுச் சிகிச்சை கூடாது.

உயிர் காக்கும் கருவிகளை விலக்குவது பற்றி எழுதும் 'வாழும் உயில்' வேறு. அது 2018இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலிருந்து வந்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கிய பிறகு, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் சான்றளித்தால் போதும். இரண்டு விருப்பங்களும் இருந்தால் இரண்டு தாளாக எழுத வேண்டும்.

பவர் பத்திரம்: எல்லாரும் முதலில் நாடுவது, முக்கியமான நேரத்தில் கைவிடுவது

"பவர் வாங்கிட்டா போதும்" என்பது பரவலான நம்பிக்கை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ புத்தி சுவாதீனம் இழந்தாலோ முகவர் உறவு முடிந்துவிடும் என்கிறது. திறன் இழந்த பிறகும் செல்லுபடியாகும் பவர் சில நாடுகளில் உண்டு, இங்கே இல்லை. அம்மாவுக்கு மறதி வரும் என்று பயந்து வாங்கிய பவர், மறதி முற்றித் தெளிவு போன அன்றே செத்துப்போகிறது.

இதில் சிக்கல் உடனே தெரியாது. தமிழ்நாட்டில் பவர் ஏஜென்ட் கிரயம் எழுதப் போகும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்ற மருத்துவச் சான்றைச் சார்பதிவாளர் கேட்பார். உயிரோடிருக்கிறாரா என்பதுதான் அங்கே கேள்வி, தெளிவோடிருக்கிறாரா என்பது வருவதில்லை. பத்திரம் பதிவாகிவிடும். பத்து வருடம் கழித்துத் தம்பி வழக்குப் போட்டு, கிரயத் தேதிக்கு முந்தைய மருத்துவமனைச் சுருக்கத்தை நீதிமன்றத்தில் வைப்பார். அதில் 'முற்றிய மறதி நோய்' என்று எழுதியிருந்தால் கிரயம் ஆட்டம் காணும், வாங்கியவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். கொடுத்தவர் தெளிவாக இருந்து, கால்தான் நடக்கவில்லை என்ற நிலைக்கு மட்டுமே பவர் நல்ல வழி.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கு

இவர்களுக்கென்று 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. பல்வகைக் குறைபாடும் இதில் அடங்கும். மாவட்ட ஆட்சியர் நிலையில் உள்ள அலுவலர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் கொண்ட உள்ளூர் மட்டக் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. எங்களைக் கேட்டால், தகுதி உள்ளவர்களுக்கு இருக்கும் வழிகளில் இதுதான் சுலபமானது. வழக்கறிஞர் தேவையில்லை, வாய்தா கிடையாது.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோர் என்ற இயற்கையான பாதுகாவலர் உரிமை சட்டப்படி முடிந்துவிடுகிறது. இது தெரியாமல் 30 வயது மகனுக்காக எல்லாவற்றிலும் கையெழுத்திட்டு வரும் அப்பாக்கள் ஏராளம். முதலில் மாற்றுத்திறனாளி சான்றும் யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் சரியாக இருக்க வேண்டும். சான்றில் எழுதியிருக்கும் குறைபாட்டின் பெயர் நான்கு வகைகளில் ஒன்றாக இருந்தால்தான் மனு நகரும். ஸ்கிசோஃப்ரினியா, மறதி நோய், விபத்தால் வந்த கோமா இவற்றுக்கு இந்தக் குழு நியமனம் செய்யாது. விண்ணப்பத்தில் அம்மா அப்பா இருவரும் இருந்தாலும், தங்களுக்குப் பிறகு யார் என்பதை இப்போதே குடும்பத்தில் பேசிவைப்பது நல்லது.

சான்று கைக்கு வந்ததோடு வேலை முடிவதில்லை. நியமனத்திலிருந்து ஆறு மாதத்துக்குள், அவர் பெயரில் உள்ள அசையாச் சொத்து, அவருக்கு வர வேண்டியது, தர வேண்டியது எல்லாவற்றுக்கும் பட்டியல் தர வேண்டும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கு. பலர் இதைச் செய்வதில்லை. உறவினர் ஒருவர் பாதுகாவலரை நீக்கச் சொல்லிக் குழுவிடம் போகும்போது, இந்தக் கணக்கு இல்லாததே பெரிய குற்றச்சாட்டாகிவிடும்.

மத்திய அரசு குடும்ப ஓய்வூதியம் மட்டுமே தேவையென்றால் இந்தச் சுற்றும் வேண்டாமல் போகலாம். ஓய்வூதியர் உயிரோடிருக்கும்போதே மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்காகத் தொகையைப் பெறுபவரை நியமித்துவிட்டால், நீதிமன்றச் சான்று கேட்டு நிறுத்தக்கூடாது என்று ஓய்வூதியத் துறை வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

மனநோயும் சொத்தும்: வரம்புக்குட்பட்ட பாதுகாவல்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் மனநோயும் உண்டு. அதன் 14ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றமோ மாநில அரசு அறிவித்த அதிகாரியோ வரம்புக்குட்பட்ட பாதுகாவலரை நியமிக்கலாம். பழைய மனநிலையிலிருந்து சட்டம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதை இந்த ஒரு பிரிவில் பார்க்கலாம். இங்கே பாதுகாவலர் அவருக்குப் பதிலாக வாழ்பவர் இல்லை, அவரோடு சேர்ந்து முடிவெடுப்பவர். ஒரு குறிப்பிட்ட முடிவுக்காக, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு, அவருடைய விருப்பத்தை ஒட்டி. இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் விதியிலிருந்து வந்த பார்வை இது. முழு ஆதரவு தேவைப்படுபவருக்கு அதையும் வழங்கலாம், ஆனால் மறுஆய்வுக்கு உட்பட்டு. வேறு சட்டத்தில் நியமிக்கப்பட்ட பாதுகாவலரும் இனி வரம்புக்குட்பட்டவராகவே கருதப்படுவார் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

மனு எழுதும்போது "எல்லாச் சொத்துக்கும், எல்லா விஷயத்துக்கும்" என்று கேட்டால் நீதிமன்றம் தயங்கும், தயங்கவும் வேண்டும். "இந்த சர்வே எண் நிலத்தில் இவருக்குள்ள பாகத்தை, இவருடைய சிகிச்சைச் செலவுக்காக விற்க" என்று கேளுங்கள். முதலில் என்ன ஆதரவு கொடுத்துப் பார்த்தோம், அது ஏன் போதவில்லை என்பதையும் மனுவில் எழுத வேண்டும். போதிய ஆதரவு கொடுத்தும் முடிவெடுக்க இயலவில்லை என்பதுதான் இந்தப் பிரிவின் முன்நிபந்தனை. இந்த ஒரு பத்தி விடுபட்ட மனுக்கள் நிறைய. மேலும், ஒரு பரிவர்த்தனையில் ஆதரவளிப்பவருக்கும் அவருக்கும் நலன் மோதினால் ஆதரவளிப்பவர் அதிலிருந்து ஒதுங்க வேண்டும் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. அண்ணன் பாதுகாவலராக நின்று தம்பியின் பாகத்தைத் தானே வாங்கிக்கொள்வது இதற்குச் சரியான உதாரணம்.

வழக்கு ஒன்றை நடத்த மட்டும் ஆள் வேண்டுமென்றால் இவ்வளவும் தேவையில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 32, விதி 15 போதும். அந்த வழக்கை விசாரிக்கும் நீதிமன்றமே விசாரித்து ஒருவரை நியமிக்கும், அவருடைய அதிகாரம் அந்த வழக்கோடு நின்றுவிடும்.

கோமா: எந்தச் சட்டமும் கைகொடுக்காத இடம்

நினைவில்லாமல் கிடப்பவருக்குப் பாதுகாவலர் நியமிக்க நாடாளுமன்றச் சட்டம் எதுவும் இல்லை. அந்த இடைவெளியை உயர் நீதிமன்றங்கள் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவைக் கொண்டு அடைத்து வருகின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2019இல் இதற்கு நெறிமுறைகள் வகுத்தது: அசையும், அசையாச் சொத்துகள் அனைத்தின் விவரம் மனுவில் இருக்க வேண்டும், நரம்பியல் மருத்துவர் இடம்பெற்ற மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும், தாசில்தார் நிலைக்குக் குறையாத வருவாய் அலுவலர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயர் நீதிமன்றப் பதிவாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும்.

2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வும் இந்த வழியில் போனது. கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்று வைத்தியம் பார்க்க அனுமதி கேட்ட மனைவியை, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லித் தனி நீதிபதி அனுப்பியிருந்தார். அமர்வு அதை மாற்றி மனைவியையே பாதுகாவலராக நியமித்தது. கூடவே ஒரு நிபந்தனை: விற்ற பணத்தில் 50 லட்ச ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை எடுத்துக்கொள்ளலாம். குடும்பத்துக்கும் உதவி, படுத்திருப்பவருக்கும் காவல். இப்படிப்பட்ட மனு போடுபவர்கள் இந்த மாதிரி ஒரு ஏற்பாட்டைத் தாங்களே முன்வைப்பது நல்லது. அது மனுவின் நேர்மையைக் காட்டும்.

226ஆம் பிரிவின் கீழ் போடும் இந்த ரிட் மனு கெடுவது பெரும்பாலும் வாரிசுகளால். மனைவி, பிள்ளைகள், உயிரோடு இருந்தால் பெற்றோர் என எல்லாரையும் சேர்க்க வேண்டும், முடிந்தவரை ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரமும் வைக்க வேண்டும். இரண்டாவது தடங்கல் உத்தரவின் வாசகம். "பாதுகாவலராக நியமிக்கப்படுகிறார்" என்று மட்டும் இருந்தால் வங்கியில் பணம் எடுக்க முடிந்தாலும், நிலத்தை விற்கும்போது வாங்குபவரின் வங்கி வழக்கறிஞர் ஏற்கமாட்டார். விற்கும் அதிகாரம், சொத்தின் முழு விவரம், வங்கிக் கணக்கு எண்கள் இவை உத்தரவிலேயே இருக்கும்படி கேட்க வேண்டும். பட்டாவில் பெயர் ஒரு மாதிரியும் பத்திரத்தில் வேறு மாதிரியும் இருந்தால் அதையும் மனுவிலேயே தெளிவுபடுத்திவிடுங்கள். பிறகு திருத்தக் கேட்டு அலைவது கொடுமை.

இன்னும் கையெழுத்துப் போட முடிகிறது என்றால்

மேலே சொன்ன எதையும்விட இது சிறந்த நிலை. ஆரம்பக்கட்ட மறதி நோய் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து கிடைக்கும் சில மாதங்கள் பொன்னானவை. நோயின் பெயர் வந்ததாலேயே ஒருவர் திறன் இழந்தவர் ஆகிவிடுவதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவும், இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவும், இடையிடையே தெளிவு வரும் மனிதர் அந்தத் தெளிவான நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம், உயில் எழுதலாம் என்கின்றன.

இந்தக் காலத்தில் முதலில் செய்ய வேண்டியது வங்கிக் கணக்கை 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' முறையில் கூட்டுக் கணக்காக்குவது. அரை நாள் வேலை, பின்னால் வரும் தலைவலியில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். தெளிவு இருந்து கைதான் நடுங்குகிறது என்றால் ரிசர்வ் வங்கி விதிகளே உதவும்: வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள், அதில் ஒருவர் வங்கி அலுவலர், அவர்கள் முன் கைநாட்டு இட்டுப் பணம் எடுக்கலாம்.

அடுத்தது உயில். பிறகு நியமனப் பிரதிநிதிக் கடிதம். வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட்டில் அவசரம் வேண்டாம், எழுதிய பிறகு திரும்பப் பெறுவது கடினம். எழுதத்தான் வேண்டுமென்றால் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுத வேண்டும். பராமரிப்புத் தவறினால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம், நிபந்தனை எழுத்தில் இருந்தால் அந்த வழக்கு வலுவாக நிற்கும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்குச் சொத்தை நேரடியாக எழுதி வைப்பதைவிட, தனியார் அறக்கட்டளை ஒன்றில் வைத்து அதன் பயன் மட்டும் பிள்ளைக்குப் போகச் செய்வது பாதுகாப்பானது. ஆனால் நம்பிக்கையான இரண்டு அறங்காவலர்கள் கிடைக்க வேண்டும். கிடைக்காத குடும்பத்துக்கு இந்த வழி ஆபத்து.

எந்தப் பத்திரமானாலும் "பூரண சுயநினைவோடும் நல்ல மனநிலையோடும் பிறர் தூண்டுதலின்றி" என்ற வரி இருக்கும். எழுத்தர் எல்லாப் பத்திரத்திலும் போடும் வரி அது, நீதிமன்றத்தில் தனியாக நின்று ஒன்றையும் நிரூபிக்காது. அதைத் தாங்கும் மருத்துவச் சான்று வேண்டும். "ஆரோக்கியமாக உள்ளார்" என்ற ஒரு வரிச் சான்றாலும் பயன் குறைவு. பத்திரம் எழுதும் அதே நாளில், நேரத்தையும் குறிப்பிட்டு, இந்த முடிவைப் பற்றியே கேட்டு எழுதிய சான்றாக இருக்க வேண்டும். "உங்களுக்கு என்னென்ன சொத்து இருக்கு? இதை யாருக்குத் தர்றீங்க? மத்தப் பிள்ளைங்களுக்கு ஏன் இல்லை? இதைக் கொடுத்துட்டா நாளைக்கு எங்க இருப்பீங்க?" இந்த நான்கையும் கேட்டு, அவர் சொன்ன பதிலை அவர் வார்த்தையிலேயே மருத்துவர் குறித்து வைத்தால் அதுதான் சாட்சி. காலையில் தெளிவாகவும் மாலையில் குழம்பியும் இருப்பவரென்றால் பதிவு நேரத்தைக் காலையில் வாங்குங்கள். கேட்கும்போது பயன் பெறப்போகும் பிள்ளை அறைக்கு வெளியே இருக்கட்டும்.

எதிர்ப்பக்கமும் ஒரு பிழை நடக்கிறது. வங்கி வேலை சீக்கிரம் முடியட்டும் என்று "நிரந்தரமாகப் புத்தி சுவாதீனம் இல்லாதவர்" என்று மருத்துவரிடம் எழுதி வாங்குவது. நோய் தணிந்து அவர் வேலைக்குத் திரும்பும்போது, சொந்தமாக ஒரு வாடகை ஒப்பந்தம் போடும்போது, அந்தத் தாள் அவருக்கு எதிராக நிற்கும். "இந்தத் தேதியில், இந்த முடிவை எடுக்கும் நிலையில் இல்லை, மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை தேவை" என்று எழுதச் சொல்லுங்கள். வேலையும் நடக்கும், அவருடைய நாளையும் பறிபோகாது.